மடுல்சீமையில் அமெரிக்கச் சட்டம்

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அவமானம். பதுளை வாசகசாலையில் இலவசமாகக் கிடைத்த அமெரிக்கச் சஞ்சிகைகளைப் படித்துவிட்டு, அந்த நாட்டு அரசியல் சட்டத்தில் நான் பண்டிதன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான்தான் ஒரே வாத்தியார். மறுத்துப் பேச ஆளில்லை. அமெரிக்காவின் வெளியுறவுக் கொள்கை எங்களிடம் பால் மாவாக வந்து சேர்ந்தது. பிள்ளைகள் அதை நக்கிக்கொண்டிருக்க, நான் விளக்கவுரை சொல்வேன்.

சுதந்திரம் வந்த சூட்டோடு தோட்டத்துச் சனங்களின் குடியுரிமையைச் சட்டம் போட்டுப் பறித்திருந்தார்கள். வேண்டுமென்றால் விண்ணப்பித்து, குடும்பத்தோடு விடாமல் இங்கேயே இருந்ததாக நிரூபிக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த தொழிலாளர் லயத்தில், தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும் ஒருவருக்கு விசாரணை வந்தது. அதில் தவறினால் அவரும் மனைவியும் பையனும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை.

"அமெரிக்காவுல, அண்ணே, அந்த மண்ணுல பொறந்தாலே குடிமகன். அரசியல் சட்டத்துலயே இருக்கு. கவர்மெண்டு நெனச்சாலும் அழிக்க முடியாது" என்றேன்.

"அங்க தேயிலை இருக்குங்களா, மாஸ்டர்?"

"இல்ல."

"அதான்."

அவர் இந்த லயத்திலேயே பிறந்தவர். மனைவிதான் வழக்கப்படி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். தாய்வீடு கடலுக்கு அந்தப் பக்கம், துறையூருக்குப் பக்கத்தில். திரும்பி வந்தபோது தலைமன்னார்த் துறையில் கப்பலைவிட்டுப் பையன் யாரையும் தூக்கவிடாமல் தானே நடந்து இறங்கினானாம். இதை அவர் சொல்லாத ஆளில்லை. எனக்குள் இருந்த வக்கீல் விழித்துக்கொண்டார்.

"அதை அப்படியே சொல்லுங்கண்ணே. இந்த மண்ணுல சொந்தக் கால்ல நடந்து வந்த புள்ளன்னு. அதிகாரி அசந்துருவாரு."

அரசாங்கக் கச்சேரியில் விசாரித்த அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். மனைவி இந்தியா போனதுண்டா என்று கேட்டதும் இவர் நான் சொல்லிக்கொடுத்தபடியே மளமளவென்று ஒப்பித்தார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"எத்தினையாம் மாசம் போனவ?"

"ஏழாம் மாசங்க. வளைகாப்பு முடிஞ்ச கையோட."

"ஏழாம் மாசம் போய், பிள்ளை நடக்கேக்கை வந்திருக்கிறா. அப்ப ஒரு வருசத்துக்கு மேல." அவர் குரலில் கோபமில்லை, அலுப்புத்தான் இருந்தது. "ஒரு வருசம் தாண்டினால் விடாமல் இருந்ததாக எடுக்கேலாது. இது சரிவராது."

நான் எழுந்தேன். "ஐயா, அமெரிக்காவில்..."

"நீங்கள் ஆர்?"

"வாத்தியார்."

"கணக்கும் படிப்பிக்கிறனீங்களோ?"

உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. மனைவி மரத்தடியில் பையனோடு நின்றாள். "இல்லையாம்" என்றார் அவர். அவள் பையனைத் தூக்கிக்கொண்டாள். தோட்டத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் பையன் இறங்க வேண்டுமென்று முரண்டு பிடித்தான். அவள் அவனை மடியை விட்டு இறக்கவேயில்லை. பிள்ளையின் கால்கள் இரண்டையும் சேலைத் தலைப்பால் மூடிப் பிடித்திருந்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். மலை முழுக்க மஞ்சு, பார்க்க ஒன்றுமில்லை. சும்மா வந்திருக்கலாம். என் வாய் எப்போது சும்மா இருந்திருக்கிறது?

"அமெரிக்காவா இருந்தா, அண்ணே, பெரிய கோர்ட்டே இந்தச் சட்டம் செல்லாதுன்னு தூக்கிப் போட்டிருக்கும்."

அவர் திரும்பாமலே சொன்னார்:

"பஸ்ஸு பசறைக்குத்தாங்க போகுது, மாஸ்டர்."