ஐஸ்கிரீம் மூடியில் வெட்டிய பிக்

கிற்றார் தந்திகளை அடிப்பதற்கு விரல்களுக்கு நடுவே பிடிக்கும் சிறு பிளாஸ்ரிக் துண்டுக்குப் பிக் என்று பெயர். என்னிடம் இப்போது பதினேழு பிக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தடிப்பையும் அளந்து கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். அக்காவிடம் இருந்தது ஒன்றுதான். அதை நான் எரித்துவிட்டேன்.

கிளிநொச்சியில் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடையொன்றில் வேலை செய்கிறேன். தேய்ந்துபோன பெயாரிங்கையோ புஷ்ஷையோ கொண்டு வருவார்கள். வேணியர் அளவுகோலால் அளந்து பார்த்துப் புதியதை எடுத்துக் கொடுப்பேன். பழையதை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். அது கடைக்குப் பின்னாலுள்ள பீப்பாவுக்குள் போகும். பழையதை யாரும் திருப்பிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அக்கா பூநகரியில் இருக்கிறார். முன்பள்ளி ஆசிரியை. அங்குள்ள சிறிய தேவாலயத்தில் பாடகர் குழுவுக்கு அவர்தான் கிற்றார் அடிப்பார். சனிக்கிழமை கடை பூட்டியதும் மோட்டார் சைக்கிளில் போய்விடுவேன். ஞாயிறு திருப்பலியில் அக்கா ஆறு தந்திகளையும் சேர்த்து அடித்துத் தாளத்தைப் பிடிக்க, நான் இன்னொரு கிற்றாரில் பாட்டின் மெட்டைத் தனித்தனிச் சுரமாக வாசிப்பேன். பதினொரு வருடம் அப்படி வாசித்தோம்.

அக்காவின் பிக் ஐஸ்கிரீம் டப்பா மூடியில் கத்தரிக்கோலால் வெட்டியது. ஒருமுறை அளந்தேன்: 0.45 மில்லிமீற்றர். என்னுடையது 1.14. தனிச்சுரம் வாசிப்பவனுக்குத் தடித்த பிக்தான் வசதி. அது வளையாது, நினைத்த தந்தியில் நினைத்த நேரத்தில் விழும். சேர்த்து அடிப்பவருக்கு மெல்லியது வேண்டும். அது வளைந்து கொடுத்துத் தந்திகளை வழுக்கிக்கொண்டு போகும். இதெல்லாம் என் கொப்பியில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. இருந்தும் அந்த மூடித் துண்டைக் காணும்போதெல்லாம் எனக்குக் கை துருதுருக்கும்.

"அக்கா, இது தேஞ்சு போச்சு. பாருங்கோ, ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கு."

"சத்தம் வருதுதானே."

"நாக்கு மாதிரி மடியுது."

"மடியட்டும். உன்ர இரும்புக் கடைக் கண்ணால பாக்காதை."

பாடகர் குழுவில் இருக்கும் தபால் கந்தோர்ப் பெண் சிரித்தாள். "அண்ணை, ஆக்களை அளக்கிறதுக்கும் ஏதும் சாமான் வச்சிருக்கிறீங்களோ? எங்கட சங்கிலித்தாமை ஒருக்கா அளந்து பாருங்கோ, தடிப்புக் காணாது." சங்கிலித்தாம் என்பவர் தேவாலயச் சாவி வைத்திருப்பவர். அவர் ஈர்க்கு மாதிரி மெலிந்தவர்.

கடந்த திருவிழாவுக்கு முன் கொழும்பிலிருந்து ஆறு பிக்குகள் எடுப்பித்தேன். 0.88 இரண்டு, ஒரு மில்லிமீற்றர் இரண்டு, 1.2 இரண்டு. 0.88ஐவிட மெல்லியதை நான் எடுக்கவில்லை. மெல்லியது கெதியில் தேய்ந்துவிடும் என்று கடைக்காரனாக யோசித்தேன்.

திருவிழாக் கிழமையில் மூன்று நாள் லீவு எடுத்துக்கொண்டு போய் அக்காவின் வீட்டைத் துப்புரவு செய்தேன். அலுமாரியின் மேல்தட்டில் அந்த மூடித் துண்டு கிடந்தது. அந்த இடத்தில் புதிய ஆறையும் தடிப்பு வரிசையில் அடுக்கி வைத்தேன். பழையதைக் கூட்டிய குப்பையோடு சேர்த்து வளவின் மூலையில் போட்டு நெருப்பு வைத்தேன். ஒளித்துச் செய்யவில்லை. செய்து முடித்தபோது திருப்தியாகக்கூட இருந்தது.

அன்று பின்னேரம் ஒத்திகைக்குப் புறப்படும்போது அக்கா தேடினார்.

"தம்பி, என்ர மூடித் துண்டு எங்க?"

"புதுசு ஆறு வச்சிருக்கிறன், அக்கா."

"அது தெரியுது. என்ர எங்கையடா?"

"குப்பையோட எரிச்சிட்டன்."

 அக்கா ஆறையும் ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தார். "எல்லாம் பலகை மாதிரி இருக்கு" என்றார். வேறு மூடியில் ஒன்று வெட்டித் தருவதாகச் சொன்னேன். "வேண்டாம். திருவிழா நேரத்தில புதுசாப் பழகேலாது. அதுவும் புதுசுதான், இதுவும் புதுசுதான். ஒத்திகைக்கு நேரம் போகுது. இதில மெல்லிசு எது?" 0.88ஐ எடுத்துக் கொடுத்தேன்.

திருவிழாத் திருப்பலியில் முதல் இரண்டு பாட்டும் சரியாகப் போயின. காணிக்கைப் பாட்டில் அக்காவின் தாளம் பின்தங்கியது. அந்தப் பிக் வழுக்கவில்லை. ஒவ்வொரு தந்தியிலும் கொளுவி நின்றது. அது கையிலிருந்து நழுவாமல் இருக்க அவர் இறுக்கிப் பிடித்தார். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து திரிந்தபோது முறிந்த மணிக்கட்டு அவருடையது; சரியாகக் கட்டுப்போட ஆளில்லாமல் கோணலாகப் பொருந்தியது. அந்தக் கோணலை நான் கிழமைக்குக் கிழமை பார்ப்பவன். நற்கருணைப் பாட்டுக்கு அக்கா பிக்கை மடியில் போட்டுவிட்டுப் பெருவிரலால் அடித்தார். சனத்தின் சத்தத்தில் அது கேட்கவில்லை. நான் மட்டும் மெட்டைத் தெளிவாக, ஒரு சுரமும் பிழைக்காமல் வாசித்துக்கொண்டிருந்தேன்.

மதியம் கை வீங்கிவிட்டது. நல்லெண்ணெய் பூசித் துணியால் சுற்றிக்கொண்டு, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டார். அடுத்த கிழமை கிற்றாரைத் தபால் கந்தோர்ப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார்.

"கை வீக்கம் மாறட்டும், அக்கா. பிறகு அடிக்கலாம்."

"மாறும். ஆனா எனக்கு இனி அந்தப் பயம் போகாதடா. நடுவில நிண்டிடுமோ எண்டு பாத்துப் பாத்து அடிக்கேலாது. நான் பாடுறன், நீ வாசி."



அதன் பிறகு ஒன்பது மூடிகளில் பிக் வெட்டினேன். ஐஸ்கிரீம், மாஜரின், தயிர். 0.45 மில்லிமீற்றரில் இரண்டு சரியாக அமைந்தன. அவற்றின் ஒரு பக்கத்தை நினைவிலிருந்து அரத்தால் தேய்த்தேன். அக்கா ஒன்றை வாங்கித் தபால் கந்தோர்ப் பெண்ணின் மடியிலிருந்த கிற்றாரில் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்று அவளிடமே கொடுத்துவிட்டார்.

எந்தப் பக்கத்தை, எவ்வளவு சரிவாகத் தேய்க்க வேண்டும் என்பது எனக்குப் பிடிபடவில்லை. அதனால் போன மாதம் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அக்காவிடம், பழைய துண்டை எப்படிப் பிடித்தார் என்று கேட்டேன். கத்தியை வைத்துவிட்டு, ஈரக் கையைத் தூக்கிக் காட்டினார். பெருவிரலும் நடுவிரலும் சேர்ந்திருந்தன. எல்லோரும் பிக்கைப் பிடிக்கும் சுட்டுவிரல் விலகி நீட்டிக்கொண்டு நின்றது.

"சுட்டுவிரலால பிடிக்கிறேல்லையா?" என்று கேட்டேன்.

"கை முறிஞ்சதுக்குப் பிறகு அது எப்ப மடிஞ்சது, தம்பி?" என்றார் அக்கா. திரும்பவும் கத்தியை எடுத்தார்.

பதினொரு வருடம் அந்தக் கைக்குப் பக்கத்தில் இருந்து வாசித்தேன். வீட்டுக்கு வந்து கொப்பியை எடுத்துப் பார்த்தேன். தடிப்பு, பொருள், முனை, சத்தம் என்று நான்கு நிரல்கள் கோடு போட்டிருந்தேன். கைக்கு ஒரு நிரல் இல்லை.