தடிமன் பிடித்த பஞ்சமம்

திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் பல வருடம் வாத்தியக் கடை வைத்திருந்தேன். என் கடையில் வாங்கிய எந்த வாத்தியத்தையும் நானே காசு கொடுத்துத் திரும்ப எடுப்பேன். எடுத்ததை மூன்று மாதம் விற்காமல் வைத்திருப்பேன். அதற்குள் உரியவர் வந்தால் அதே வாத்தியத்தை அதே விலைக்குக் கொண்டுபோகலாம். வாசலில் பலகையில் எழுதியும் வைத்திருந்தேன். யுத்த காலத்தில் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு இடம்பெயர யாராலும் முடியாது. அதனால் ஊரில் எனக்கு நல்ல பெயர்.

பலகையில் எழுதாத ஒன்றும் உண்டு. கொழும்பிலிருந்து ஆர்மோனிய ரீட், பெட்டிக்குள் சுரம் எழுப்பும் பித்தளை நாக்கு, வருவது நின்றுவிட்டிருந்தது. பித்தளைத் துண்டு என்றாலே சோதனைச்சாவடியில் பொதி முழுவதையும் அவிழ்க்கச் சொல்வார்கள். ஆகவே திரும்பி வந்த பெட்டிகளைத் திறந்து, நல்ல ரீட்டுகளைக் கழற்றி, திருத்த வந்த வேறு பெட்டிகளுக்குப் போடுவேன். கழற்றிய இடத்தில் மலிவானவற்றைப் பொருத்திவிடுவேன். மூன்று மாதத்துக்குள் யாரும் திரும்பி வருவதில்லை. அதை நம்பித்தான் அந்த வாக்கையே கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு நாள் காலை, குடாவுக்கு அக்கரையில் இருக்கும் கட்டைபறிச்சானிலிருந்து ஒரு தாய் வந்தார். அவருடைய தம்பி ஆர்மோனியப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்தார்.

“மூதூர் லாஞ்சில இதுக்கும் டிக்கெட் கேட்டவன், முதலாளி,” என்று இறக்கி வைத்தார் தம்பி. “மடியிலதான வச்சிருக்கிறன், பிள்ளைக்கு அரை டிக்கெட் போடு எண்டனான்.”

தாய் சிரிக்கவில்லை. அவருடைய மகனை வயலிலிருந்து வரும் வழியில் இராணுவம் பிடித்துப்போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. தெற்கில் ஒரு தடுப்பு முகாமில் அவனைப் போல ஒருவனைக் கண்டதாக யாரோ சொல்லியிருந்தார்கள். அங்கே போய்வரும் செலவுக்காகத்தான் மகனின் ஆர்மோனியத்தைக் கொண்டுவந்திருந்தார்.

நின்றபடியே துருத்தியை அசைத்துப் பஞ்சமக் கட்டையை அழுத்திக் காட்டினார். சுரத்தோடு சேர்ந்து ஓர் இரைச்சல் வந்தது, போத்தலுக்குள் அகப்பட்ட வண்டு போல.

“பஞ்சமத்துக்குத் தடிமன், சளி பிடிச்சிட்டுது எண்டு சொல்லுவான். திருத்துவம் எண்டா விடமாட்டான். நீங்களும் திருத்திப் போடாதீங்க, முதலாளி. நான் வந்து எடுப்பன்.”

“ஓம் அம்மா. தந்தபடியே இருக்கும்.”

பெட்டியில் கட்டும் அட்டையில் ‘திருத்தக் கூடாது’ என்று அவர் பார்க்கவே எழுதினேன்.

ஒரு கிழமை பொறுத்தேன். பிறகு பாலையூற்றிலிருந்து ஒரு பசனைக் குழு தங்கள் பெட்டியை அவசரமாகத் திருத்தக் கொண்டுவந்தது. அந்த மகனின் பெட்டியில் இருந்தவை பழைய, அருமையான ரீட்டுகள். அவற்றைக் கழற்றிக் குழுவின் பெட்டியில் போட்டு, இதற்கு மலிவானவற்றைப் பொருத்தினேன். இரையும் பஞ்சம ரீட்டை மட்டும், எதற்கும் உதவாது என்று, பழைய ஆணிகள் கிடந்த பால்மா டின்னுக்குள் எறிந்தேன்.

மூன்று மாதம் முடிய நான்கு நாள் இருக்கையில் இருவரும் வந்து நின்றார்கள். முகாமில் இருந்தவன் வேறு யாரோ. தாய் எப்படியோ காசைத் திரட்டியிருந்தார். நான் பெட்டியை எடுத்து வைத்ததும் அட்டையைத் தடவிப் பார்த்தார். பஞ்சமத்தை அழுத்தினார். சுத்தமான சுரம். மறுபடியும் அழுத்தினார்.

“இரையுதில்லையே?”

“முதலாளிட கடையும் ஆஸ்பத்திரி போலத்தான்,” என்றார் தம்பி. “படுக்க வச்சா எதை வெட்டி எடுப்பாங்களோ தெரியாது.”

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். எனக்குக் காது சுட்டது.

“நான் கை வைக்கயில்லை, அம்மா. தூசி அடைச்சாலும் இரையும். சும்மா கிடந்தா சில வேளை தன்பாட்டில சுகமாகிரும்.”

“தன்பாட்டிலயா?”

“ஓம்.”

அவர் கோபிப்பார் என்று பயந்தேன். அவரோ சேலைத் தலைப்பால் பெட்டியைத் துடைத்துவிட்டுத் தம்பியின் கையைப் பிடித்தார்.

“அப்ப அவன் சுகமா இருக்கிறான்டா. எங்கயோ சுகமா இருக்கிறான். பாத்தியா, இது சொல்லுது.”

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். டின் என் காலடியில்தான் இருந்தது. நான் பெட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்துத் தம்பி மட்டும் கடைக்கு வந்தார். அக்கா எப்படி என்று கேட்டேன்.

“இப்ப எங்கயும் தேடிப் போறதில்ல, முதலாளி. அரசாங்க அதிபர்ட கச்சேரிக்கு வா, பெட்டிசம் எழுதிக் குடுப்பம் எண்டா, பேசாம இரு எங்கிறா. பெட்டி தன்பாட்டில சுகமானது போல அவனும் தன்பாட்டில வருவானாம். பின்னேரம் பஞ்சமத்தை அமத்திப் பாப்பா. பிறகு அவனுக்கும் சேத்துச் சோறு போடுவா.” குரலைத் தணித்தார். “பெட்டி சுகமானது வேற, பொடியன் வாறது வேற எண்டு நீங்க வந்து ஒருக்காச் சொல்லுங்களன். வாத்தியம் தெரிஞ்ச ஆள் சொன்னாக் கேப்பா.”

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். அவர் போனதும் டின்னைக் கவிழ்த்து ரீட்டைத் தேடி எடுத்தேன். ஞாயிறு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குதுறைக்குப் போனேன். லாஞ்ச் புறப்பட்டுக் கண்ணுக்கு மறையும்வரை நின்றேன். ஏறவில்லை. ஒரு தாயின் நம்பிக்கையைக் கெடுக்கக் கூடாது என்றுதான் ஏறவில்லை என்று நெடுங்காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நான் பயந்தது கடையின் பெயருக்கு.

பிறகு அந்தக் கரையில் ஷெல் விழத் தொடங்கியது. சனம் காட்டு வழியாக நடந்தது. சண்டை ஓய்ந்தபின் போய் விசாரித்தேன். தம்பி வழியிலேயே செத்துவிட்டார் என்றார்கள். அக்காவைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். மகன் வந்தால் வீட்டில் ஆள் வேண்டும் என்று அவர் புறப்பட மறுத்தார் என்றார் ஒருவர். அதைத்தான் நான் நம்புகிறேன்.

ரீட் என்னிடம் இருக்கிறது. வாயில் வைத்து ஊதினால் இன்னமும் அப்படியே இரைகிறது. அவனுடைய மற்ற ரீட்டுகள் பாலையூற்றில், அந்தப் பசனைக் குழுவின் பெட்டியில். வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் பாடுவார்கள். நான் வெளியே வீதியில், மதிலோரம் நின்று கேட்பேன். அவர்கள் பஞ்சமத்துக்கு வரும்போது சுரம் சுத்தமாக இருக்கும். அதற்குமேல் என்னால் நிற்க ஏலாது. வீட்டுக்கு நடந்துவிடுவேன்.