சத்தியசீலனின் கயிறும் ஓட்டமும்

பாரோய் ஊரில் சத்தியசீலன் வீட்டுப் பின்புறம், துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே, சிமெண்டுத் தரையில் ஓர் இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும். அவர் கயிறு குதித்த இடம் அது. நாற்பத்தெட்டு வயது மனிதர், செண்டாயான் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ் ஓட்டுகிறவர், சின்னப் பெண்கள் விளையாடும் கயிற்றை வைத்துக்கொண்டு சுவர் மறைவில் ஏன் குதித்தார் என்று கேட்டால், உடம்புக்கு என்பார். அது பாதி உண்மைதான். மற்ற பாதி அவருடைய வெட்கம், அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அவர் பிறந்தது தம்பின் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அங்கே இப்போது தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் இல்லை, நம் ஆட்களும் இல்லை. எண்ணெய்க்கான செம்பனையும், அதன் குலையை வெட்ட வந்த வெளிநாட்டுக்காரர்களும், மாரியம்மன் கோயிலும்தான் மிச்சம். ஆனால் திருவிழா என்றால் எங்கெங்கோ குடியேறியவர்களெல்லாம் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆற்றங்கரையில் கரகத்தைத் தலையில் ஏற்றினால் கோயில் வாசல் வரைக்கும் இறக்கக் கூடாது. வழியில், மேட்டுப் பாதையில், பழைய தோட்ட ஆபீசுக்கு முன்னால் நின்று ஆட வேண்டும். தோட்டத்துத் துரையும் கணக்கெழுதும் கிராணியும் வெளியே வந்து பார்க்கட்டும் என்று அந்தக் காலத்தில் ஆரம்பித்த ஆட்டம். ஆபீசை இடித்துப் பல வருஷம் ஆகிறது. மூன்று படிக்கட்டுதான் புல்லுக்குள் கிடக்கிறது. அந்த மூன்று படிக்கு நம் ஆட்கள் இன்னமும் கால் ஓயும்வரை ஆடிக் காட்டுகிறார்கள். நிறுத்துங்களேன் என்று சொன்னால் என்மேல் பாய்வார்கள், அதனால் நான் சொல்வதில்லை.

கரகம் எடுப்பது சத்தியசீலன் குடும்பத்து உரிமை. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஓட்டப் பந்தயம் என்றால் அவரை யாரும் முந்த முடியாது. அந்தப் பெருமையிலேயே மனிதர் இத்தனை வருஷம் காலத்தை ஓட்டிவிட்டார். பஸ் சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து தொப்பை வளர்ந்ததை அவர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. போன வருஷம் அந்தப் படிக்கட்டுக்கு முன்னால் உருமி மேளம் வேகம் பிடித்தபோது நெஞ்சு படபடவென்று அடித்தது, கண் இருட்டியது, முழங்கால் மடங்கியது. கோயில் தலைவர் ஆறுமுகம் பாய்ந்து பிடித்திராவிட்டால் கரகம் மண்ணில் விழுந்திருக்கும்.

"அம்மா வந்துட்டா!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

வந்தது அம்மா இல்லை, வெறும் இளைப்பு. ஆனால் அதற்குள் தலையில் மஞ்சள் தண்ணீரைக் கொட்டி, எலுமிச்சம்பழத்தை அறுத்து, ஆட்கள் சுற்றி வளைத்துவிட்டார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நீலாவதி அக்கா வந்து மண்டியிட்டார். அதே தோட்டத்துக்காரர், விதவை, இப்போது பாரோயில் சத்தியசீலன் வீட்டுக்கு இரண்டு வரிசை தள்ளி இருக்கிறார்.

"தாயே, நெஞ்சுக் கொழாயில அடைப்புன்னு டாக்டர் சொல்றாரு. உள்ள கம்பி வெக்கணுமாம். வெச்சுக்கவா?"

சத்தியசீலனுக்குப் பேச்சு வரவில்லை. தள்ளி நில்லுங்கள், காற்று வரட்டும் என்று கையை இப்படியும் அப்படியும் வீசினார்.

"வேணாங்குறா! அம்மா வேணாங்குறா!" என்று அக்கா அழுதுகொண்டே அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மூச்சு திரும்பியதும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆறுமுகம் அவர் நெற்றி நிறைய விபூதி பூசிவிட்டார், வயதில் மூத்தவர்களெல்லாம் அவர் காலில் விழுந்துகொண்டிருந்தார்கள். நான் இளைத்துப்போய் விழுந்தவன் ஐயா என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அந்த 'நாளை' வரவே இல்லை.

இனிமேல் இப்படி விழக்கூடாது என்ற வைராக்கியம் மட்டும் வந்தது. வேலை முடிந்து சாயங்காலம் தாமான் திடலில், குடியிருப்புக்கு நடுவே இருக்கும் மைதானத்தில், ஓட ஆரம்பித்தார். அவர் மனைவி ரோகினி வேறு மாதிரிச் சொன்னார். போனில் எதையோ பார்த்துவிட்டு அவர் ஏற்கெனவே ஒரு ஸ்கிப்பிங் கயிறு வாங்கி வைத்திருந்தார்.

"பத்து நிமிஷம் கயிறு குதிச்சா அர மணி நேரம் ஓடுன மாதிரியாம். மழை பேஞ்சாலும் கவல இல்ல லா. உங்களுக்கு நின்ன எடத்துல ஆடத்தான தெம்பு வேணும்?"

"அது சின்னப்புள்ளங்க வெளையாட்டு. நெஞ்சுக்கு ஓட்டந்தான் ஓட்டம்," என்றார் பழைய ஓட்டக்காரர்.

டாக்டர் நடக்கச் சொன்னதால் நீலாவதி அக்காவும் அதே திடலுக்கு வருவார் என்பது அவருக்குத் தெரியாது. ஒரு சாயங்காலம் வளைவில் திரும்பும்போது, கோல்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றிருந்தார் அக்கா. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. இவரைக் கண்டதும் அவசரமாகப் பாதையை விட்டு ஒதுங்கி, கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா எறங்குன ஒடம்பு தம்பி உனக்கு. உனக்கு எதுக்கு ஓட்டம்?"

சத்தியசீலன் சிரித்து மழுப்பிவிட்டு நேரே வீட்டுக்கு வந்தார். கயிறு எங்கே இருக்கிறது என்று ரோகினியிடம் கேட்டார். திடலில் ஓடினால் ஊர் பார்க்கும், அக்கா பார்ப்பார். கயிறு என்றால் பின்பக்கத்துச் சுவர் மட்டும்தான் பார்க்கும். அவர் ஓட்டத்தை விட்டுக் கயிற்றுக்கு மாறியதற்கு வேறு எந்தக் காரணமும் கிடையாது.

முதலில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கயிறு கட்டைவிரலில் மாட்டி மாட்டி நின்றது. போகப் போகக் கால் தரையை விட்டுக் கொஞ்சமாக எழும்பி, அடியெடுத்து வைக்கிற சத்தமே இல்லாமல் இறங்கப் பழகியது. உருமிக்கு ஆடுவதும் கிட்டத்தட்ட அதே அளவுக் குதிப்புதான். தொப்பை இறங்கியது, மாடிப்படி ஏறினால் இளைப்பு இல்லை. ரோகினி சொன்னதுதான் சரி என்று ஒத்துக்கொண்டார். வேறு சமயமாக இருந்தால் அதைச் சொல்லியே ரோகினி அவரை ஒரு வாரம் ஓட்டியிருப்பார்.

"உங்க நெஞ்சு நல்லாயிடுச்சு. அக்கா நெஞ்ச பத்தி எப்பப் பேசப் போறீங்க?" என்றுதான் கேட்டார்.

சத்தியசீலன் கயிற்றை இன்னும் வேகமாகச் சுற்றினார்.

இந்த வருஷத் திருவிழா வந்தது. ஆற்றங்கரையில் கரகம் ஏறியது. மேட்டில் ஏறும்போது மூச்சு சீராக இருந்தது. படிக்கட்டுக்கு முன்னால் உருமி எவ்வளவு முறுக்கியும் அவர் கால் பின்னவில்லை, பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அங்கேதான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. இரண்டு பேர் தாங்கிப்பிடிக்க எழுந்து வந்து கும்பிட்டார்.

"தாயே, வலி கூடிக்கிட்டே போவுது. இன்னும் வேணாமா?"

மேளக்காரர்கள் அம்மாவை வரவழைக்க வெளுத்து வாங்கினார்கள். கூட்டம் அவர் வாயையே பார்த்தது. சத்தியசீலன் குனியவும் முடியாமல், கரகத்தை இறக்கவும் முடியாமல் நின்றார்.

"அக்கா, டாக்டர் சொல்றத கேளுங்க," என்றார்.

அக்கா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். "இது நீ பேசற தம்பி. ஒனக்கு மூச்சே வாங்கலியே. அம்மா வந்து சொல்லட்டும், நான் காத்திருக்கேன்."

கண்ணை உருட்டி, உடம்பை உலுக்கி, 'போ, வைத்துக்கொள்' என்று ஒரு சத்தம் போட்டால் போதும், அக்கா மறுநாளே ஆஸ்பத்திரியில் இருப்பார். அதையும் அவர் யோசித்தார், நான் அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அம்மனின் கரகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, தெரிந்தே அம்மனாக நடிக்க அவருக்குக் கூசியது. உண்மையை உரக்கச் சொல்லவும் கூசியது. அப்படியே கோயிலைப் பார்த்து நடந்துவிட்டார். இறக்கி வைத்ததும் ஆறுமுகம் முதுகில் தட்டி, "கல்லு மாதிரி நின்ன சீலா!" என்றார். அது செருப்படியாக விழுந்தது.

மறுநாள் சாயங்காலம் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு திடலுக்குப் போனார். அக்கா ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நடப்பவர்கள், பந்து விளையாடுபவர்கள், பிசாங் கோரெங் என்கிற வாழைப்பழப் பொரியல் விற்பவர் எல்லாரும் இருந்தார்கள்.

"அக்கா, என்னை கொஞ்சம் பாருங்க. மூச்சு வாங்குற வரைக்கும் பாருங்க," என்று சொல்லிவிட்டுக் குதிக்க ஆரம்பித்தார்.

குதித்தார், குதித்தார், இளைப்புதான் வரவில்லை. அந்தளவுக்கு உடம்பு கயிற்றுக்குப் பழகியிருந்தது. ஆட்கள் கூடிவிட்டார்கள், யாரோ சிரித்தார்கள், ஒருவர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார். காதெல்லாம் சூடாகிக் கூச்சத்தில் சாகிற மாதிரி இருந்தது அவருக்கு. கயிற்றைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடினார். தலைதெறிக்க, பந்தயத்தில் ஓடுகிற மாதிரி திடலைச் சுற்றி ஓடினார். இத்தனை மாதம் நின்ற இடத்திலேயே குதித்த கால்களுக்கு அந்த நீண்ட எட்டும் மேடுபள்ளமும் ஒத்துவரவில்லை. ஒரு சுற்று முடிவதற்குள் மூச்சு அறுந்தது. அப்படியும் விடாமல் ஓடி, அக்கா காலடியில் வந்து முழங்காலிட்டு விழுந்தார்.

"ஐயோ தம்பி! என்னடா ஆச்சு?" என்று அக்கா பதறிக் குனிந்தார். கூட்டமும் சுற்றி நெருக்கியது. சத்தியசீலனின் கை தானாக எழுந்து, இப்படியும் அப்படியும் வீசியது.

அக்கா அந்தக் கையையே பார்த்தார்.

"இதான்... அக்கா. போன வருஷமும்... இதான். அம்மா வரல. காத்து வேணும்னு... தள்ளிப் போகச் சொன்னேன்."

அக்கா மெதுவாகப் பெஞ்சில் சாய்ந்துகொண்டார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு திடலைச் சுற்றிப் பார்த்தார்.

"இங்கதான ஒருநாளு நீ ஓடுன," என்றார் பிறகு. "நான் ஒதுங்கி நின்னு உன்னைக் கும்பிட்டேன். அன்னைக்கிக்கூடவா ஒனக்கு வாய் வரல?"

மூச்சு திரும்பிவிட்டிருந்தது. பேச முடியாது என்று சொல்ல இப்போது ஒரு சாக்கும் இல்லை. சத்தியசீலன் புல்லைப் பார்த்துக்கொண்டு முழங்காலிலேயே இருந்தார்.

"நாளைக்கி என்னை நீதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற," என்றார் அக்கா. "ஒரு வருஷமா ஏன் வரலன்னு டாக்டர் கேப்பாரு. அதையும் நீயே சொல்லு."