குழி வெட்டிய குதிரைக்காரன்

வன்னியிலிருந்து பாரிசுக்கு வந்து சேர்ந்த முதல் குளிர்காலத்தில், ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமைகளில் எனக்கு ஓய்வு. அறையில் என்னோடு இருந்தவர்களுக்கு அன்று வேலை. தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நகைக்கடை, சேலைக்கடை என்று பார்த்துக்கொண்டே நடப்பேன். சுற்றிலும் தமிழ் கேட்கும். அதில் ஒரு சொல்லும் எனக்கானதாக இருக்காது.

கடையின் தலைமைச் சமையல்காரர் இளவயதில் யாழ்ப்பாணத்துத் தியேட்டர்களில் ஆங்கிலப் படங்களாகப் பார்த்துத் தள்ளியவர். ஒரு ஞாயிறு, வெங்காயம் அரிந்தபடி சொன்னார்:

"தம்பி, நாளைக்கும் அறைக்குள்ளை சுருண்டு கிடவாதை. மெத்ரோவிலை கொஞ்சம் போனால் ஒரு பழைய தியேட்டர் இருக்கு. கௌபோய் படம் போடுறாங்கள். அதிலை நடிக்கிறவர் கனகாலம் மற்றவை சொன்னபடி துவக்கோடை குதிரையிலை திரிஞ்சவர். இதைத் தானே இயக்கினவர். போய்ப் பார்."

"எனக்கு இங்கிலிசும் விளங்காது, பிரெஞ்சும் விளங்காது அண்ணை."

"அந்தாள் கதைக்கிறதே குறைவு. போ."

படத்துக்காக இல்லை, சூடான இடம் கிடைக்குமே என்றுதான் போனேன். மத்தியானக் காட்சி. உள்ளே அங்கொருவர் இங்கொருவராகச் சில வயதானவர்கள் மட்டும்.

அண்ணை சொன்னது சரி. வயதான ஒருவன், அவனுடைய தோழன், வெறும் வெளி, இரண்டு குதிரைகள். கடைசியில் ஊர்ச் சண்டையில் தோழன் சுடப்பட்டு இறக்கிறான். இனி இவன் குதிரையைத் தட்டிக்கொண்டு போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. இறங்கினான். மண்வெட்டியை எடுத்துக் குழி வெட்டத் தொடங்கினான். கல்லு நிலம். வெட்டினான், மூச்சு வாங்கினான், மறுபடி வெட்டினான். இயக்கியவர் அதில் எதையும் குறைக்கவில்லை. பாட்டில்லை, பேச்சில்லை. மண் விழும் சத்தம் மட்டும்.

அந்த ஆண்டுதான், வன்னிப் போரின் கடைசி நாட்களில், கடற்கரை மணலில் என் தமையன் ஷெல் பட்டுச் செத்தான். ஒரு சேலையால் மூடினோம். அதற்குள் அடுத்த ஷெல்கள் விழ, சனம் எங்களையும் இழுத்துக்கொண்டு ஓடியது. அவனுக்கு ஒரு பிடி மண் போட எனக்கு வாய்க்கவில்லை. இதை நான் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

விளக்குகள் எரிந்தன. எழும்ப முடியவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பிரெஞ்சுக் கிழவி திரும்பிப் பார்த்து, "சா வா, மெஸ்யே?" என்று சுகம் கேட்டார். திரையைக் காட்டி, "மோன் ஃபிரேர்" என்றேன். என் சகோதரன். அதற்கு மேல் என்னிடம் பிரெஞ்சு இல்லை.

அவர் வந்து பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். என் வாயைக் காட்டி, தன் காதைக் காட்டி, மெதுவாக ஏதோ சொன்னார். உன் மொழியிலேயே சொல் என்கிறார் என்று விளங்கியது. சொன்னேன். சேலையின் நிறத்தைக்கூடச் சொன்னேன். தரையைக் கூட்ட வந்த தியேட்டர் ஊழியரை அவர் கையால் தடுத்தார். அந்தாளும் மறுபக்கம் போய்க் கூட்டினார்.

நான் முடித்ததும், எனக்கும் விளங்கும் சொற்களில் ஒன்றே ஒன்று கேட்டார்: அவன் பெயர். சொன்னேன். அதிலிருந்த ழகரம் அவருக்கு வரவில்லை. விடாமல் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார், ஓரளவு சரியாக வரும்வரை. பிறகு என் கையைப் பிடித்துவிட்டு, பஸ் தரிப்பிடத்தை நோக்கிப் போனார். பிறகும் பல திங்கட்கிழமைகள் அங்கே போனேன். அவரைக் காணவேயில்லை.

படம் பார்த்த மறுநாள் அண்ணை கேட்டார், "எப்பிடிப் படம்?"

"நல்ல படம் அண்ணை."

"நான் சொன்னன்தானே!" என்று அந்த நடிகரின் பழைய சண்டைக் காட்சிகளைச் சொல்லத் தொடங்கினார். நான் தலையாட்டிக்கொண்டு கோப்பைகளைக் கழுவினேன். தமையனைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் சில குளிர்காலங்கள் எடுத்தன. சொன்னபோது அவர் அடுப்பை நிற்பாட்டிவிட்டு, "ஏன்ரா தம்பி, இவ்வளவு காலமும் சொல்லேல்லை?" என்று கேட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.