ஆறு வருடம் பின்னோக்கி நெய்த சுவர்

பொங்கல் முடிந்த வாரத்தில் எனக்கு இரண்டு நாள் விடுப்பு மீதமிருந்தது. சேலத்தில் விடுப்பு கிடைத்தவர்கள் ஏற்காட்டுக்குப் போவார்கள். சேலத்தில் பார்க்க முடியாத சேலத்துக்காரர்களை எல்லாம் அங்கே பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். எனக்கு அவ்வளவு பேரைச் சந்திக்கும் தெம்பு இல்லை. மேற்கே ஒரு சிற்றூரில் பேருந்து நிலையச் சுவரோவியத்தைப் புதுப்பிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, செவ்வாய்க்கிழமை காலை கிளம்பினேன். சுவரைப் பார்க்கப் போகிறேன் என்றதும் வீட்டில் யாரும் கூட வருவதாகச் சொல்லவில்லை.

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் 7.50 வண்டி. ஜலகண்டாபுரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம், முப்பது ரூபாய். அங்கிருந்து மினி பஸ்ஸில் ஒன்பது கிலோமீட்டர், பத்து ரூபாய். இறங்கிய ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. காரணம் படித்து முடிக்கும்போது புரியும்.

மினி பஸ் நடத்துநர் என் நோக்கத்தைக் கேட்டுவிட்டுச் சில்லறையைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார்.

“ஏனுங்க, அந்தத் தறிப் படத்தப் பாக்கவா வாரீங்க? அது தப்பான படமாச்சுங்களே!”

9.40க்கு இறங்கினேன். அறுபது அடி நீளச் சுவர். முதலில் ஆழ்துளைக் கிணறு போட்டுத் தண்ணீர் பீய்ச்சும் ரிக் வண்டி, நடுவில் நிலக்கடலைச் செடிகள், கடைசியில் கைத்தறியில் நெய்யும் பெண். சாரத்தின் மேல் செல்வராஜ் நின்றிருந்தார். நாமக்கல் பக்கம் லாரிகளுக்குப் படம் வரைபவர்; புதுப்பிக்கும் வேலை அவருக்கு வந்திருக்கிறது. சாரத்துக்குக் கீழே ஏழெட்டுப் பெண்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்ததால் விஷயம் புரிய ஒரு டீ தேவைப்பட்டது.

டீக்கடை முருகேசன் விளக்கினார். தறியில் நெய்து முடித்த துணி நெய்பவரின் மடிப்பக்கம் சுருள வேண்டும். நெய்யாத நூல் எதிரே நீள வேண்டும். படத்தில் இது தலைகீழ்: மடியில் வெறும் நூல், எதிர்க்கோடியில் சேலை. ஆறு வருடத்துக்கு முன் வரைந்த வெளியூர் ஓவியர் நல்ல திறமைசாலி. இந்த ஊர் நெசவாளி சரோஜாவை அவர் வீட்டிலேயே அரை நாள் உட்கார்ந்து பார்த்து முகத்தை வரைந்திருக்கிறார். ஆனால் சேலையின் கரை சரோஜாவின் கைக்குப் பின்னால் மறையக் கூடாது என்று துணியை அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். அழகுக்காகச் செய்ததுதான். ஆனால் தறி தெரிந்த ஊரில் அதற்கு ஒரே பொருள்: சரோஜா நெய்த சேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்.

சொல்லி முடித்த முருகேசன், அந்தப் பெண்களில் ஒருவரைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏஞ் சரோசாக்கா, இன்னைக்கு எத்தன மொழம் பிரிச்ச?”

ஆறு வருடமாக இதே கேள்வி என்று பிறகு தெரிந்தது.

சரோஜாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். முருகேசன் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம் சொன்னார்: “நாப்பது வருசமா தறியில உக்காந்திருக்கறனுங்க. இழ அறுந்தா கண்ண மூடிக்கிட்டு முடிச்சுப் போடுவேன். நாளைக்கு நாஞ் செத்தாலும் இந்தச் செவுரு நிக்கும். எம் பேத்தி வந்து பாத்தா என்னன்னு நெனைக்கும்?”

செல்வராஜின் சங்கடம் வேறு. வேலை உத்தரவில் ‘பழையபடியே’ என்று இருக்கிறது. மூன்று மணிக்கு ஒன்றிய அலுவலகப் பொறியாளர் பழைய புகைப்படத்துடன் வருவார். படம் ஒத்துப்போகவில்லை என்றால் சுவர் முழுக்க வெள்ளையடித்து ‘விளம்பரம் செய்யாதீர்’ என்று எழுதிவிடுவதாக ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்.

“அக்கா, உங்கள அந்தக் கோடியில திருப்பி உக்கார வெச்சிரட்டுங்களா? அப்ப துணி சரியாப் போயிருமுங்க” என்றார் செல்வராஜ்.

“மூஞ்சி முடிச்சிட்டியே சாமி, ரெண்டு நாள் வேலையாச்சே. துணிய மாத்து.”

துணியை மாற்றினால் எதிர்க்கோடிச் சேலையை மறைத்துப் பூசி, எட்டடி நீளத்துக்கு நூறு நூல்களாவது நேர்கோடாக வரைய வேண்டும். லாரி ஓவியர்கள் வளைவுகளில் மன்னர்கள். நூறு நேர்கோடு என்றதும் செல்வராஜ் சாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சரோஜா வீட்டுக்குப் போய் ஒரு நூல் கண்டுடன் வந்தார். நூலை வெள்ளை பெயிண்டில் நனைத்து, இரண்டு பேர் இரண்டு முனையை இழுத்துப் பிடிக்க, நடுவில் ஒருவர் சுண்டிவிட வேண்டும். சுவரில் ஒரு கோடு விழும், ஒரு இழை. கொத்தனார்கள் நூல் அடிப்பதைப் போலத்தான், ஆனால் இவர்களுக்கு இழுப்பின் அளவு விரலிலேயே இருந்தது. எனக்கும் ஒரு முனை கொடுத்தார்கள். இரண்டாவது இழையில் பிடுங்கிக்கொண்டார்கள்.

2.30க்கு நூறு இழையும் அடித்து முடிந்தது. மடிப்பக்கம் சேலையைச் செல்வராஜ் வரைந்து முடித்தபோது பொறியாளர் வந்துவிட்டார், 3.10. ரிக் வண்டியைச் செல்போன் படத்தோடு ஒப்பிட்டார், தலையசைத்தார். கடலைச் செடிக்கும் அதே தலையசைப்பு. தறி முன்னால் நின்றார். போனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

“என்னமோ மாறியிருக்கே?”

“புதுப் பெயிண்டுங்க சார், அப்படித்தான் தெரியும்” என்றார் முருகேசன், கடையிலிருந்து. அவர் பொய் சொல்வார் என்பதில் எனக்கு வியப்பில்லை. சரோஜாவுக்காகச் சொன்னதுதான் வியப்பு.

பொறியாளர் படத்தையும் ஆளையும் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார். போனைச் சரோஜாவிடம் நீட்டினார். “இது நீங்கதானே? நீங்களே சொல்லுங்க, ரெண்டும் ஒண்ணா?”

செல்வராஜ் கண்ணால் கெஞ்சினார்.

“இல்லீங்க,” என்றார் சரோஜா. “அதுல பிரிக்கறேன். இதுல நெய்யறேன்.”

பொறியாளர் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “கோப்புல முன், பின் ரெண்டு படம் ஒத்துப் போகணும். அதுதான் விதி” என்றார். பிறகு நாலடி பின்னால் போய், புதிய சுவரை ஒரு படம் எடுத்தார். அசையாமல் அதே இடத்தில் நின்று இன்னொன்று எடுத்தார். “இது முன். இது பின்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அரசுக் கோப்புகளில் நான் அறிந்தவரை இவ்வளவு துல்லியமாக ஒத்துப்போகும் ஜோடி வேறு கிடையாது. ஊர்ப் பெயரை எழுதாததற்கு இதுதான் காரணம்.

போக நினைப்பவர்களுக்கு: மூன்று மணிக்கு மேல் வெயில் சுவரில் நேராக விழும், படம் எடுக்க நல்ல நேரம். சாப்பாடு ஜலகண்டாபுரத்திலேயே முடித்துவிடுங்கள். திரும்பும் மினி பஸ் 4.40க்கு, நடத்துநர் சொல்வது 4.30. எந்த ஊர்ச் சுவரில் தறியைப் பார்த்தாலும், ஓவியம் எப்படி என்று சொல்வதற்கு முன் துணி யார் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். அதில் உட்கார்ந்திருப்பவர் பக்கத்துத் தெருவில் இருக்கக்கூடும்.

நான் பஸ் ஏறும்போது சரோஜா சுவரில் மூக்கு படும் அளவுக்குக் கிட்டே நின்று இழைகளை எண்ணிக்கொண்டிருந்தார். முருகேசன் டீ டம்ளரோடு வந்து பக்கத்தில் நின்றார்.

“சரோசாக்கா, இந்தச் சேல என்ன வெல?”

“பொறுடா,” என்றார் சரோஜா, திரும்பாமலே. “இன்னும் பாதி இருக்குது.”