மூடு வந்த ஆயுத பூஜை

என் வீட்டுக்காரர் கடைகளுக்கு போர்டு எழுதுகிறவர். மல்லேஸ்வரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். முன்னறை அவருக்குப் பட்டறை, பின்னறை மற்ற எல்லாவற்றுக்கும். யாரிடமும் கைகட்டி நிற்காத தொழில் என்று பெருமையடித்துக்கொள்வார். உண்மைதான். ஆனால் கட்டாத அந்தக் கை வேலை செய்வதற்கும் ஒரு நேரம் வர வேண்டியிருந்தது. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் மூடு.

அந்த வார்த்தை அவருக்கு கண்டோன்மெண்டில் ஒட்டிக்கொண்டது. ஒரு வெள்ளைக்காரரின் பங்களாவுக்கு வண்ணம் அடிக்கப் போனபோது, படம் வரைகிற அந்த மனிதர் சொல்லக் கேட்டிருக்கிறார். சுதந்திரம் வந்ததும் வெள்ளைக்காரர் கப்பலேறிவிட்டார். மூடு மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது.

மூடு வர காபி வேண்டும். காபி குடித்தால் கொஞ்சம் நடக்க வேண்டும். நடந்துவிட்டு வந்தால் வெயிலில் கண் கூசும். வெயில் தாழ்ந்தால் வெளிச்சம் போதாது. நடுவில் நான் ஏதாவது கேட்டுவிட்டால், வந்துகொண்டிருந்த மூடு வாசலோடு திரும்பிப் போய்விட்டதாகச் சொல்வார்.

என் அண்ணன் ஒரு பெரிய ஃபேக்டரியில் வேலையிலிருந்தார். ஒரு நாள் வந்து, "மாப்ளே, எங்க ஃபேக்டரியிலே மெஷினுக்கு நம்பர் எழுத ஆள் எடுக்கிறாங்க. சொல்லி வெச்சிருக்கேன், வந்துடுங்க" என்றார். இவர் விஜயதசமி வரைக்கும் தவணை கேட்டார். அன்றைக்கு மார்க்கெட் தெருவில் ஒரு காபிப்பொடிக் கடை திறக்கப்போகிறார்கள். போர்டு இவருடையது. "அது நல்லா வந்தா அந்த வரிசைக் கடையெல்லாம் எங்கிட்டதான் வரும். வரலேன்னா உங்க சைரனுக்கு எழுந்து வர்றேன்" என்றார்.

மாதச் சம்பளம் எனக்குக் கசக்கவில்லை. ஆனாலும், நாளெல்லாம் கறுப்பு மையில் ஒரே மாதிரி நம்பரை எழுதிவிட்டு இவர் வீடு திரும்பும் முகத்தை நினைத்துப் பார்த்தேன். பயமாக இருந்தது. சோம்பேறிதான். ஆனால் எங்கள் தெரு சைக்கிள் கடை போர்டில் இவர் போட்டிருந்த சுழிகளைப் பார்த்துவிட்டுத்தான் நான் கல்யாணத்துக்கே தலையாட்டினேன்.

முடியாத போர்டின்மேல் கண் படக் கூடாது என்று அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பது அவர் வழக்கம். முடிந்த போர்டையும் தூசி படாமலிருக்க அப்படியேதான் வைப்பார். ஆகையால் எது முடிந்தது என்பது அவருக்கும் சுவருக்கும் மட்டும்தான் தெரியும்.

"காபிக்கடை போர்டு ஆச்சா?" என்று கேட்டேன்.

"ஆச்சுன்னு வெச்சுக்கோ."

நானும் வைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜை காலையில் பிரஷ்களையெல்லாம் கழுவி, ஸ்கேல், சாக்குக் கட்டி, ஏணி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் படையல் போட்டேன். மறுநாள் காலை பூஜையை எடுக்கும்வரை எதையும் தொடக் கூடாது. இதில் என்னைவிட அவர் கறார். ஒரு வருஷம் பூஜையில் வைத்த பிரஷ்ஷை எடுத்ததால்தான் ஏணியிலிருந்து விழுந்ததாக நம்பிக்கொண்டிருந்தார். ஏணியில் ஒரு படி இற்றுப்போயிருந்ததை அவர் கண்டுகொள்ளவில்லை.

சுண்டலைத் தின்றுவிட்டுக் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். முகத்தில் ஒரு களை வந்தது.

"மூடு வந்துடுச்சு" என்றார்.

"எதுக்கு?"

எழுந்து போய் காபிக்கடை போர்டைத் திருப்பினார். செங்காவி பூசிய வெறும் பலகை. ஒரு எழுத்து இல்லை.

எனக்குத் தலைக்கு மேல் கோபம். அவரோ, "பிரஷ்ஷைத் தொட மாட்டேன். விரலாலேயே எழுதிடறேன் பாரு" என்று பெயின்ட் டப்பாவைத் தேடினார். நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்து, அவர் கையைப் பிடித்து இழுத்து, பத்து விரலுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தேன்.

"இதுவும் ஆயுதம்தானே? நாளைக்குக் காலையிலே எடுத்துக்கலாம்."

மருதாணி வைத்த குழந்தை மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது: சாயங்காலம் போர்டை எடுத்துப்போகக் கடைக்காரர் வருவார், நாளைக்கு அண்ணன் வருவார்.

வாசலில் கோலம் போட்ட அரிசிமாவுக் கரைசல் கிண்ணத்தில் மிச்சமிருந்தது. துணியை நனைத்துக்கொண்டு பலகை முன்னால் உட்கார்ந்தேன். "சொல்லுங்க. எங்கே ஆரம்பிக்கணும்?"

கடைப் பெயர் கன்னடத்தில். கன்னட எழுத்துக்கு உச்சியில் தலைக்கட்டு என்று ஒரு கொக்கி உண்டு, கீழே எல்லாம் வளைவு. இழைக்கோலம் போட்ட கைக்கு அது ஒன்றும் புதிதில்லை. "தலைக்கட்டை இன்னும் தூக்கு. அந்த வயித்தைப் பெருசாக்கு. ஐயோ, அவ்ளோ வேணாம், கர்ப்பமாட்டம் இருக்கு" என்று அவர் கையை விரித்தபடி பின்னால் நடந்துகொண்டே இருந்தார். நடுவில் காபி கேட்டார். போடுகிறவள் பலகையில் இருக்கிறாள் என்றேன். வாரக்கணக்கில் வராத போர்டு வெயில் தாழ்வதற்குள் வந்துவிட்டது.

கடைக்காரர் வந்து பார்த்தார். "ஏன்ரீ இது?" என்று கன்னடத்தில் வாயைப் பிளந்தார். பிறகு தமிழில், "என்னங்க இது, கோலமா போர்டா?" என்றார்.

"ரெண்டும்தான் சார். நாளைக்கு உங்க கடை வாசல்லேயே இதுமேல பெயின்ட் ஏத்தறேன். ஜனம் பார்க்கட்டும்" என்றார் என் வீட்டுக்காரர். இந்த மாதிரிப் பொய்க்கு மட்டும் அவருக்கு மூடு தேவைப்பட்டதில்லை.

விஜயதசமி காலையில் பூஜையை எடுத்ததும் பிரஷ்ஷும் ஏணியுமாக ஓடினோம். கடையில் மாட்டியிருந்த போர்டுக்கு எங்களுக்கு முன்னாலேயே சிட்டுக்குருவிகள் வந்திருந்தன. அரிசிமாவு அல்லவா? முதல் எழுத்தின் தலைக்கட்டைக் காணோம். இவர் ஏணியில் தாவி ஏறினார். குருவி ஒரு எழுத்தைக் கொத்துவதற்குள் இவர் அதை பெயின்டில் மூட வேண்டும். கீழே நான் முந்தானையை வீசி விரட்டுகிறேன். காய்கறி வாங்க வந்த பெண்கள் கூடையோடு நின்றுவிட்டார்கள். "பேகா, பேகா! சீக்கிரம்!" என்று தெருவே கூவியது. யாருக்காகவும் அவசரப்படாத அந்த மனிதர் அன்று சிட்டுக்குருவிக்காக அவசரப்பட்டார். கடைக்காரர் கூட்டத்தைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் காபி கொடுக்கச் சொன்னார்.

அண்ணன் வந்தபோது பக்கத்துத் துணிக்கடைக்காரரும் எதிர்ப்புற வளையல் கடைக்காரரும் ஏணிக்குக் கீழே நின்று தங்கள் போர்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இதே கோல எழுத்துதான் வேண்டுமாம். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் குருவியைப் பார்த்தேன்.

அந்த வருஷம் முழுக்க நான் மாவில் கோடு இழுத்தேன், அவர் அதன்மேல் பெயின்ட் ஏற்றினார். சமையல், பாத்திரம், துணி எல்லாம் என் பங்கில் அப்படியே இருந்தன.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. பிரஷ்களுக்குப் பொட்டு வைத்து முடித்ததும் அவர் எதிரில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினேன்.

"இன்னா இது?"

"ஆயுதம். சந்தனம் வைங்க."

சிரித்துக்கொண்டே பத்து விரலுக்கும் வைத்தார். பிறகுதான் அரிவாள்மணையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்போ சமையல்?"

"அவசரமில்லைங்க. உங்களுக்கு மூடு வர்றவரைக்கும் உட்கார்ந்திருக்கேன்."

உடனே வந்துவிட்டது.