பவளத் தொட்டிக்கு வாங்கிய பெட்டரி

இன்று காலை பெட்டரி வாங்கப் பதுளை பஜாருக்குப் போனேன்.

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். அதில் உயிருள்ள பவளமும் கொஞ்சம் மீன்களும் இருக்கின்றன. கரண்ட் போனால் பெட்டரி மோட்டார்தான் அவற்றுக்குக் காற்று கொடுக்கும்.

கடைக்கார காசிம் நானா பெட்டரியை நீட்டினார். ஆனால் பிடியை விடவில்லை.

"தம்பி, ராவைக்கு ஒங்க தெருவுல லைட் போகும்."

"எங்க தெருவுல மட்டுமா?"

"ஆமா. வெளியூர் ஆளுங்க வந்து, அங்க தமிழ் ஆளுங்க வீடு எதுன்னு கேட்டாங்க. தெரியாதுன்னுட்டேன். லைட்ட அணைச்சிட்டுத்தான் வருவோம்னு பேசிக்கிட்டாங்க. புள்ளையக் கூட்டிட்டுப் போயிருங்க."

வீட்டுக்கு வந்து மோட்டாருக்குப் பெட்டரி போட்டேன். காசிம் நானா சொன்னதை மனைவியிடம் சொன்னேன்.

மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள். "மீனுக்கு ஏற்பாடு பண்ணிட்டீங்க. வாசக்கதவுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

மகளைத் தூக்கிக்கொண்டு மத்தியான பஸ் ஏறினோம்.

இப்போது கொஸ்லந்தையில் மனைவியின் அக்கா வீட்டில் இருக்கிறோம். இருட்டத் தொடங்கிவிட்டது.

பதுளையில் இருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள். எங்கள் தெருவில் லைட் எரிகிறதா?

மீனுக்காகக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.